முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை

நேற்று சாயங்காலம் மறுபடியும் வைத்துவிட்டார்கள்.

இந்த முறை உசிலம்பட்டியிலிருந்து வந்த பெரியத்தை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கண் என் காலில் இருந்தது. நான் கட்டிலில் மல்லாந்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலுக்கு அடியில் எதுவுமே இல்லாமல் கிடந்தேன். அது பயிற்சி. சும்மா கிடப்பதுதான் பயிற்சி. காலின் சொந்தக் கனத்திலேயே முழங்கால் மெல்ல மெல்ல இறங்கி நேராக வேண்டும். பார்க்கிறவர்களுக்கு வெட்டியாகப் படுத்திருப்பதாகத் தெரியும்; படுத்திருப்பவனுக்குப் பின்தொடையெல்லாம் சுண்டி இழுக்கும்.

"ஏய்யா, காலு அந்தரத்துல கெடக்கு. இந்த வீட்டுல ஒரு மனுச மக்க பாக்க மாட்டீகளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கொய்யாப்பழப் பை தரைக்கு இறங்கிவிட்டது. என் தலைக்கு அடியில் இருந்த இரண்டு தலையணையில் ஒன்று உருவப்பட்டது. அத்தையின் இடது கை என் கெண்டைக்காலைத் தூக்கியது. வலது கை தலையணையைச் செருகியது. பிறகு இரண்டு கையும் சேர்ந்து முழங்காலைத் தலையணையின் பள்ளத்தில் பதமாக அமுக்கி வைத்தன. என்ன ஒரு தீர்மானம்! ஆபரேஷன் செய்த டாக்டரிடம்கூட நான் அதைப் பார்க்கவில்லை. (எனக்கு எதிரே பச்சைத் துணி கட்டியிருந்தார்கள் என்பதும் ஒரு காரணம்.)

"வேணாம் அத்தை. கீழ ஒண்ணும் வைக்கக் கூடாதுன்னு டாக்டர்..."

"அவரு கெடக்காரு. நீ சும்மா படு."

சும்மா படுத்தேன். சுகமாக இருந்தது. என் கோபத்துக்கு அதுதான் காரணம்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது வேறொரு காரியத்துக்கு. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு அடுத்த மாதம், எனக்கு நடந்த இதே முழங்கால் ஜவ்வு ஆபரேஷன். "எல்லாம் இருக்கட்டும் சார், மாடிப்படி இறங்குறது எப்படின்னு மட்டும் எழுதிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். மூன்றாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. படி இறங்குவதில் நிஜமாகவே ஒரு சூட்சுமம் உண்டு. அதை இன்னொரு நாள் தனியாக எழுதிக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் இந்தத் தலையணையை ஒரு கை பார்த்துவிடலாம்.

நீங்களும் வைத்திருப்பீர்கள். மறுக்க வேண்டாம். காலில் கட்டோடு படுத்திருக்கும் ஒருவரைப் பார்த்துவிட்டு, முழங்காலுக்கு அடியில் ஒன்றும் செருகாமல் எழுந்து வந்த தமிழர் யாராவது இருந்தால் அவரை நான் நேரில் பார்த்து ஒரு மாலை போட வேண்டும். மாலையை அவரே வாங்கி வருவது நல்லது, எனக்கு இன்னும் டவுன் ஹால் ரோடு வரைக்கும் நடக்க முடியாது.

விஷயம் இதுதான். வீங்கிய முழங்கால் தானாகவே சற்று மடங்கிக்கொள்ளப் பார்க்கும். முப்பது டிகிரி அளவுக்கு மடங்கியிருக்கும்போது மூட்டுக்குள் இடம் அதிகம், தேங்கிய நீருக்கு நெருக்கடி குறைவு, வலியும் குறைவு. தலையணை அந்த முப்பது டிகிரியை அப்படியே தாங்கிப் பிடித்துக் கொடுக்கிறது. அதனால்தான் சுகம். அந்தச் சுகத்திலேயே சில வாரம் கிடந்தால் உள்ளே ஆறுகிற தழும்பும் அந்தக் கோணத்திலேயே ஆறிவிடும். பிறகு கால் முழுசாக நீளாது. நீளாத காலோடு நடந்தால் நொண்டல் நிரந்தரம், தொடைத் தசைக்கு ஓயாத வேலை, முட்டிச் சில்லில் வலி. புதிதாகக் கட்டிய ஜவ்வுக்கு முன்னால் தழும்பு உருண்டு திரண்டு ஒரு முடிச்சாகி, காலை நீட்டவிடாமல் குறுக்கே நிற்பதும் உண்டு. அதற்கு 'சைக்ளாப்ஸ்' என்று பெயர், கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் ராட்சசன். கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால் ஒரு கண் முறைக்கிற மாதிரி தெரியுமாம். 1990இல் ஜாக்சன், ஷேஃபர் என்று இரண்டு அமெரிக்க டாக்டர்கள் வைத்த பெயர். மறுபடியும் உள்ளே போய் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

இதை நான் அத்தையிடம் சொன்னேன். ராட்சசன் வரைக்கும் சொன்னேன்.

"ஒத்தக் கண்ணோ ரெட்டக் கண்ணோ, காலு நோகாம இருக்கணும்ல" என்றார்.

தலையணை வைப்பவர்களில் அத்தை வெளிப்படையான ரகம். சண்டை போட்டு வைப்பார், எடுத்தால் திட்டுவார், நமக்கு நிலவரம் தெரியும். ஓசையில்லாமல் வைக்கிறவர்கள்தான் ஆபத்து. என் மாமனார் அந்த ரகம். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, மழை வருமா, வைகையில் தண்ணீர் விடுவார்களா என்று பேசிக்கொண்டே இருப்பார். பேச்சு முடிந்து அவர் எழுந்து போன பிறகுதான் சோபாவின் சதுர மெத்தை என் முழங்காலுக்கு அடியில் இருப்பது தெரியும். எப்போது வைத்தார், எந்த வாக்கியத்தில் வைத்தார், ஒன்றும் சொல்ல முடியாது. இன்னும் சிலர் தூங்கும்போது வைப்பார்கள். அது என் மனைவி. "தூக்கத்துல முனகுனீங்க, பாவமா இருந்துச்சு" என்பாள். விழித்திருக்கும்போது நான் முனகுவதற்கெல்லாம் அவளுக்குப் பாவமே தோன்றியதில்லை.

மேலமாசி வீதியிலிருந்து வந்த சித்தப்பா இன்னும் நுட்பமானவர். புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. குதிகாலுக்கு அடியில் இருந்த துண்டுச் சுருளைப் பார்த்தார், நாக்கைச் சூள் கொட்டினார், "நழுவிருச்சு பாரு" என்று அதை எடுத்து முழங்காலுக்கு அடியில் வைத்தார். ஒரே அசைவில் என் மருந்தை எடுத்து நோயாக்கினார்.

வீட்டுக்கு வர முடியாதவர்களும் விடவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் வீடியோ காலில் வந்தார். முதல் கேள்வியே, "கேமராவைக் கால் பக்கம் திருப்பு." திருப்பினேன். "கீழ ஒண்ணும் வைக்கலயா? போனைத் தங்கச்சிகிட்ட குடு." கடல் கடந்து வந்த தலையணை அது.

இது பரவாயில்லை, சோதனைக்குப் போயிருந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், யாரென்றே தெரியாது, தன் தோளில் கிடந்த துண்டை மடித்து என் முட்டிக்கு அடியில் செருகிவிட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். அதே நேரத்தில் உள்ளேயிருந்து பிசியோ பெண் எட்டிப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையை விவரிப்பதற்கில்லை.

ஒரு கட்டத்தில் உபரித் தலையணை எல்லாவற்றையும் பரணில் ஏற்றச் சொன்னேன். மகன் ஏற்றினான். மறுநாள் வந்தவர்கள் போர்வையை மடித்து வைத்தார்கள். போர்வையைப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். வேட்டி, மகனின் ஸ்கூல் பை, ஒரு தடவை இரண்டு கிலோ துவரம்பருப்புப் பொட்டலம். சுவரில் ஒரு காகிதம் ஒட்டினேன்: 'முழங்காலுக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள் – டாக்டர் உத்தரவு'. வந்தவர்கள் சத்தம் போட்டுப் படித்தார்கள். "கையெழுத்து நல்லாருக்கே" என்றார் ஒருவர், பருப்புப் பொட்டலத்தைச் சரிசெய்துகொண்டே.

படுத்துக் கிடந்து யோசித்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. இது அன்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அன்பெல்லாம் இல்லை. நம் ஆட்களால் ஒரு இடைவெளியைச் சகித்துக்கொள்ள முடியாது. டீக்கடையில் மேசை ஆடினால் சிகரெட் அட்டையைக் கிழித்து மடித்துக் காலுக்குக் கொடுக்கிற அதே கைதான் என் முட்டிக்கும் வருகிறது. மேசைக்கு வலிக்குமா என்று எவனாவது கேட்டிருக்கிறானா? ஆடக் கூடாது, இடுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். மனிதனைப் படைக்கும்போது முட்டிக்குப் பின்னால் ஒரு குழியை விட்டதே பெரிய தப்பு. அந்தக் குழியைப் பார்த்ததும் இவர்களுக்குக் கை அரிக்கிறது. மாமனாரிடம் இந்த ஆராய்ச்சியைச் சொன்னேன். "அப்படியா மாப்பிள்ளை" என்று கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவர் போன பிறகு குனிந்து பார்த்தேன். சதுர மெத்தை.

இவ்வளவு திட்டியாயிற்று, நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அத்தையின் வைத்தியம் ஒரு காலத்தில் டாக்டர்களின் வைத்தியம்தான். 1970களிலும் 80களிலும் இந்த ஆபரேஷன் செய்தால் முழங்காலைச் சற்று மடக்கிய நிலையிலேயே மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். நேராக நீட்டினால் புது ஜவ்வு இழுபட்டுவிடும் என்று பயம். கட்டைப் பிரித்தால் கால் நீளாது, மடங்காது, தொடை சூம்பியிருக்கும். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் ஊரில் ஷெல்போர்ன் என்ற எலும்பு டாக்டர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: தன் நோயாளிகளில் சொன்ன பேச்சைக் கேட்டவர்களைவிடக் கேட்காதவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள். கட்டைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினவன், ஊன்றுகோலைச் சீக்கிரமே தூக்கி எறிந்தவன், இவர்கள்தான் நேராக நடக்கிறார்கள். ஜவ்வும் அறுந்துபோகவில்லை. அவரும் நிட்ஸ் என்பவரும் சேர்ந்து 1990இல் இதை எழுதினார்கள்: முதல் நாளிலிருந்தே காலை முழுசாக நீட்டு, தாங்கும் அளவுக்கு ஊன்று, தசைக்கு வேலை கொடு. இன்றைக்கு உலகம் முழுக்கப் பிசியோக்கள் நம்மைப் படுத்துகிற பாட்டுக்கு மூலம் அதுதான்.

சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளிகளால் மருத்துவமே திருந்தியது என்ற இந்தச் செய்தியை என் சொந்தக்காரர்கள் யாருக்கும் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிட வேண்டாம்.

தலையணைக்கு அடுத்தது, வருகிறவர்கள் கேட்கும் "யாரு இடிச்சது?" என்ற கேள்வி. யாரும் இடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷட்டில். என் பக்கத்தில் ஆள் கிடையாது. பின்னால் போன பந்தை அடிக்கத் திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். கோர்ட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கே கேட்டதாம். இந்த ஜவ்வு பெரும்பாலும் இப்படித்தான் போகும், யாரும் தொடாமலே. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்கே இழுத்துக் கட்டி, கீழ் எலும்பு முன்னால் வழுக்கிவிடாமல், முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துவைக்கிறது. அது போய்விட்டால் நேராக நடக்கலாம், திரும்பினால் கால் வாரிவிடும். ஆனால் வருகிறவர்களுக்கு ஒரு எதிரி வேண்டியிருக்கிறது. பைக்கில் வந்து ஒருவன் இடித்துவிட்டுப் போனான் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்டவர் முகத்தில் என்ன ஒரு திருப்தி! ஹெல்மெட் போட்டிருந்தானா என்று கேட்டார். இல்லை என்றேன். "அதான" என்றார்.

எதை எடுத்து வைத்தார்கள் என்பதிலும் பெரிய ஏமாற்றம். அறுந்த ஜவ்வைத் தைத்தால் பெரும்பாலும் நிற்காது. அதனால் தொடைக்குப் பின்னால் ஓடுகிற ஒரு தசைநாரை உருவி, மடித்து, எலும்பில் துளை போட்டு நுழைத்து, மேலே ஒரு பொத்தானும் கீழே ஒரு திருகாணியும் போட்டு நிறுத்துகிறார்கள். ஒரு இடத்துப் பட்டையை எடுத்து இன்னொரு இடத்துக்கு ஓட்டுகிற இந்த யோசனை 1917லேயே இங்கிலாந்தில் பிரிஸ்டல் டாக்டர் ஹே குரோவ்ஸ் செய்து காட்டியது. மச்சானுக்கு இது பிடிக்கவில்லை.

"உங்களுதையே எடுத்து உங்களுக்கே வெச்சுட்டு இம்புட்டுக் காசா?"

"ரெண்டு மணி நேர வேலை மச்சான்."

"புதுசா வெச்சாக்கூடப் பரவால்ல."

புதுசுக்கு எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டவுன் ஹால் ரோட்டில் தெரிந்த கடை இருக்கிறது என்றிருப்பார்.

இதே மச்சான்தான் கிரிக்கெட்டையும் கொண்டுவந்தார். 2023 மார்ச் 31, அகமதாபாத், ஐ.பி.எல். முதல் ஆட்டம். நம்ம சென்னை அணி அடித்த பந்தை எல்லைக் கோட்டில் எகிறித் தடுக்கப் போன கேன் வில்லியம்சன் தரையில் விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார். இதே ஜவ்வு. ஆபரேஷன். அக்டோபர் 13ஆம் தேதி சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை ஆட்டத்தில் வங்கதேசத்துக்கு எதிராக இறங்கி 78 ரன். "ஆறரை மாசம் மாமா! நீங்க என்னடான்னா பாத்ரூம் போறதுக்கு வாக்கர் கேக்குறீக." அந்த முட்டியைத் தேற்றுவதுதான் அவருக்கு முழுநேர உத்தியோகம், எனக்கு ஜி.எஸ்.டி. தாக்கல் இருக்கிறது என்றேன். அதே ஆட்டத்தில் ஒரு எறிபந்து பட்டுக் கட்டைவிரல் உடைந்து அவர் பாதியில் வெளியேறினார் என்பதையும் ஞாபகப்படுத்தினேன். "அது விரலு. முட்டி நல்லாத்தான இருந்துச்சு?" மச்சானோடு வாதாடக் கூடாது என்பது கல்யாணமான வருஷத்திலேயே தெரிந்துகொண்ட பாடம்.

மாடி வீட்டு ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் வேறு விதம். அவருக்கு வாட்ஸ்அப்பில் ஸ்வீடன் வந்திருந்தது. "ஆபரேஷனே தேவையில்லைன்னு நிரூபிச்சிட்டான் சார், அவசரப்பட்டுட்டீங்க." ஸ்வீடனில் அப்படி ஒரு ஆய்வு நடந்தது உண்மைதான். 2010இல் வெளிவந்தது. ஜவ்வு அறுந்த 121 இளைஞர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன், மறுபாதிக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஐந்து வருஷம் போவதற்குள் அந்த இரண்டாவது கூட்டத்திலும் பாதிப்பேர் ஆபரேஷன் மேசைக்கு வந்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் இந்தக் கடைசி வரி வருவதில்லை. இதை அவரிடம் சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் நின்ற இடத்திலிருந்தே தினத்தந்தியை மடித்து என் முட்டிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தினமும் வருகிறது, குடிக்கிறேன், மிளகு தூக்கலாக இருந்தால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். சூப்புக்கு வாங்குகிற ஆட்டுக்காலில் முழங்காலே கிடையாது. ஆட்டின் நிஜமான பின்னங்கால் முட்டி மேலே தொடைப் பக்கம் வயிற்றை ஒட்டி இருக்கிறது. அது கறியோடு வேறு வீட்டுக்குப் போய்விடும். நமக்கு வருவது குளம்பும் கணுவும். சைவக்காரர்களுக்கு இதிலும் வழி இருக்கிறது: கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு. பெரணிச் செடியின் கிழங்கு, மேலெல்லாம் ரோமம், ஆட்டுக்காலை அப்படியே உரித்து வைத்தது. எதிர்வீட்டு அம்மா தோல் சீவி, சீரகம் தட்டிப் போட்டுக் கொண்டுவந்தார். குடித்தேன். தொடை இறுகியதா என்று பார்த்தேன். இல்லை.

தொடைதான் இதில் நிஜமான வில்லன், யாரும் அதை விசாரிப்பதே இல்லை. முட்டி வீங்கியதும் உடம்பு முன்தொடைத் தசையை அணைத்து வைத்துவிடுகிறது. தசை அங்கேயே இருக்கிறது, நரம்பும் இருக்கிறது, கட்டளை மட்டும் போய்ச் சேருவதில்லை. ஆபரேஷனுக்கு மறுநாள் பிசியோ பெண் தன் உள்ளங்கையை என் முட்டிக்குழிக்கு அடியில் வைத்தாள். (அவளுக்கு மட்டும் அனுமதி உண்டு.)

"என் கையை நசுக்குங்க சார். தொடையை இறுக்குங்க."

இறுக்கினேன்.

"இறுக்குங்க சார்."

"இறுக்கிட்டேன்மா."

"இல்ல சார், நீங்க பல்லைத்தான் இறுக்குறீங்க."

குனிந்து பார்த்தேன். வலது தொடையில் சொன்னவுடன் தசை புடைத்தது. இடது தொடை பிசைந்து வைத்த மாவாட்டம் அசையாமல் கிடந்தது. நாற்பத்தெட்டு வருஷமாக என் சொல்லைக் கேட்ட ஒரே ஜீவன் என் உடம்புதான் என்று நினைத்திருந்தேன். அவள் முட்டிச் சில்லுக்கு மேலே இரண்டு விரல்கடை தள்ளி, உள்பக்கமாக, ஆள்காட்டி விரலால் சுண்டினாள். "இங்க யோசிங்க." யோசித்தேன். வலியோடு ஒரு இடத்தில் யோசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்து அங்கே தோலுக்கு அடியில் சின்னதாக ஒரு துடிப்பு ஓடியது. "வந்துருச்சு!" என்று அவள் கத்திய சத்தத்தில் பக்கத்துக் கட்டில் ஆசாமி எழுந்து உட்கார்ந்துவிட்டார். என் கல்யாணத்துக்குக்கூட யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் கோணம்தான். பிளாஸ்டிக் கோணமானியை முட்டியின் பக்கத்தில் வைத்து அளப்பாள். 90 வந்தால் நாற்காலியில் ஒழுங்காக உட்காரலாம். 110ஐ ஒட்டி வந்தால் ஜிம் சைக்கிளின் பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். வெள்ளைக்காரன் வாழ்க்கைக்கு ஏறக்குறைய அத்தோடு சரி. நமக்குச் சம்மணம் போட வேண்டும், பந்தியில் உட்கார வேண்டும், சொந்த ஊருக்குப் போனால் குந்த வேண்டும். குந்துவதற்கு முட்டி மடங்குகிற கடைசி டிகிரி வரை வேண்டும், அதைப் பல மாதத்துக்கு நினைக்கவே கூடாது என்றுவிட்டார்கள். போன மாதம் ஒரு கிரகப்பிரவேசம். அய்யர் என்னைப் பார்த்து, "தரையில உக்காரலாமே, ஹோமத்துக்கு நாற்காலி நல்லாருக்காது" என்றார். உட்கார்ந்தால் எழுப்பிவிட நாலு பேர் வேண்டும் என்றேன். நாலு பேர் உடனே முன்வந்தார்கள். அதில் ஒருவர் கையில் திண்டு வைத்திருந்தார்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை எது தெரியுமா? நன்றாக ஆகிவிட்டதாகத் தோன்றும் காலம்தான் மோசமான காலம். உள்ளே வைத்த தசைநார் முதலில் செத்துப் பிறகு உயிர் பிடிக்கிறது. புது இரத்தக் குழாய்கள் ஊடுருவி, அது மெல்ல ஜவ்வாக மாற மாதக்கணக்கில் ஆகும். ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அது இருப்பதிலேயே பலவீனமாக இருக்கும். சரியாக அப்போதுதான் வீக்கம் வற்றி, வலி போய், நாம் கைவீசி நடக்க ஆரம்பிப்போம். பார்க்கிறவர்கள் சொல்வார்கள், "நல்லாத்தான நடக்குற, இன்னும் என்ன பாசாங்கு?" நொண்டியபோது தலையணை வைத்தவர்கள், நொண்டல் நின்றதும் கேஸ் சிலிண்டரைத் தூக்கச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு நிலை இருக்கிறது என்பது யாருக்கும் புரிவதில்லை. எனக்கே காலையில் புரிந்து, மத்தியானத்துக்குள் மறந்துவிடுகிறது.

மறுபடியும் ஷட்டில் எப்போது என்று கேட்டால் ஒன்பது மாதம் என்கிறாள் பிசியோ. இது அவள் வாய்க்கு வந்தது இல்லை. 2016இல் நார்வே, அமெரிக்க ஆட்கள் சேர்ந்து செய்த ஆய்வில், திரும்பி வளைந்து ஆடும் விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுகிற வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மாதம் ஆனால் மட்டும் போதாது, பரீட்சையும் உண்டு. ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாண்டுகிறோம், தொடைக்கு எவ்வளவு பலம் என்று இரண்டு காலையும் தனித்தனியே அளப்பார்கள். ஆபரேஷன் ஆன கால், நல்ல காலில் குறைந்தது தொண்ணூறு சதவீதம் வாங்க வேண்டும்.

இதை அவள் விளக்கியபோது தணிக்கை அலுவலகத்தில் காலம் தள்ளுகிற என் மூளைக்கு உடனே ஒரு வெளிச்சம். தொண்ணூறு சதவீதம் என்றால் எதில் தொண்ணூறு? நல்ல காலில். நல்ல கால் மாதக்கணக்கில் சோபாவில் கிடந்து அதுவும் இளைத்துப்போனால்? கேட்டேன்.

"கரெக்ட் சார்" என்றாள். "நிறையப் பேருக்கு அப்படித்தான் ஆகுது. நல்ல காலும் வீக் ஆயிடும். கணக்குல பாஸ் பண்ணிடுவாங்க, கிரவுண்டுல விழுந்துடுவாங்க."

"ஆக, நல்ல காலை ஒண்ணும் செய்யாம விட்டுட்டா..."

"சார்."

"இல்லம்மா, பாஸ் மார்க்குக்குச் சொன்னேன்."

அவள் பதில் சொல்லவில்லை. ரப்பர் பட்டையை எடுத்து இந்த முறை என் வலது கணுக்காலில் மாட்டினாள். சிவப்பு நிறம். இடது காலுக்குப் போடுகிற மஞ்சளைவிட அது இரண்டு மடங்கு முறுக்காக இருந்தது.